சர்ட்டிபிகேட் வயது

என் கணவருக்கு வயது இரண்டு விதம். வீட்டு வயது ஒன்று, சர்ட்டிபிகேட் வயது ஒன்று. வீட்டு வயதுக்குத்தான் பாயசம். தை மாதம் ரோகிணி நட்சத்திரத்தன்று மாமா, அதாவது என் மாமனார், கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வருவார், நான் பால்பாயசம் வைப்பேன். சர்ட்டிபிகேட் வயதுக்கு ஒன்றும் கிடையாது. அது ஃபாரங்களில் எழுதுவதற்கு மட்டும். எங்கே கேட்டாலும் மே இருபத்தெட்டு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இது எங்கள் வீட்டு அதிசயம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மலையாளத்து ஊரில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கும், அதற்குள் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முடியாத பிள்ளைகளுக்கு அப்பாக்களே முடித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் மே கடைசியில் சர்க்கார் ஆபீஸ் ஒவ்வொன்றிலும் ரிட்டயர்மென்ட் பார்ட்டி. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் வயதாகிவிடுகிறது. நாங்களும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள்தான்.

இவர், செல்வகணேஷ், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழக்கூட்டத்தில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு அடிலெய்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனார். படிப்பு முடிந்ததும் அங்கேயே சில வருஷம் வேலை பார்க்க ஒரு விசா கொடுப்பார்கள். அது கிடைத்தால் நானும் மகள் அஞ்சுவும் போய்ச் சேர்வோம். கிடைக்காவிட்டால் அவர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அதுவரைக்கும் நான் ஸ்ரீவராகத்தில் மாமனார் வீட்டில் இருப்பது, தினமும் கழக்கூட்டத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போவது என்று ஏற்பாடு. தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "சுஜா, எப்ப போறே?" என்பார்கள். ஒரு தடவை பால்காரர்கூடக் கேட்டார். எரிச்சலாக வரும்.

இவர் போகும்போது அந்த விசாவுக்கு ஐம்பது வயதுவரை விண்ணப்பிக்கலாம். பாதிப் படிப்பில் இருக்கும்போது அதை முப்பத்தைந்தாகக் குறைத்துவிட்டார்கள்; முப்பத்தாறு பிறந்தால் கிடையாது. அன்றைக்கு போன் செய்தார். "பயப்பட ஒண்ணும் இல்ல சுஜா. இந்தத் தையிலதான் முப்பத்தஞ்சு ஆகும். அடுத்த தை வரைக்கும் டைம் கிடக்கு. ஜூலைல ரிசல்ட் வந்துரும்." நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மாமாவும் எண்ணினார். மூன்று பேரும் பாயச வயதைத்தான் எண்ணினோம்.

ரிசல்ட் ஜூலையில் வந்தது, நல்ல மார்க்கு. நான் ஆபீஸ் கேண்டீனில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"சுஜா, எல்லாம் தீந்துது."

"என்ன தீந்துது? தெளிவாச் சொல்லுங்க."

"அப்ளை பண்ண உக்காந்தேன். டேட் ஆஃப் பர்த் அடிச்சேன். அடிச்ச உடனே கை நின்னு போச்சு. மே இருபத்தெட்டு. எனக்கு முப்பத்தாறு ஆயிட்டுது."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கத்திவிட்டேன். "ஒரு மனுஷனுக்குத் தன் வயசு தெரியாமப் போகுமா? பாஸ்போர்ட்ல நெத்தியில அடிச்ச மாதிரி போட்டிருக்கே!"

"தேதி தெரியும் சுஜா. அத வெச்சு வயச எண்ணினதே இல்ல."

சாம்பார் சாதம் அப்படியே இருந்தது. கேண்டீனில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தவறு ஒரே ஒரு இடத்தில்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால், நாலரை வயதுப் பிள்ளையை ஒரு வருஷம் முன்னதாகப் பள்ளியில் சேர்க்க ஆசைப்பட்ட ஒரு அப்பா. அந்த அப்பாவுக்குத்தான் நான் ராத்திரி தோசை வார்க்க வேண்டும்.

மாமா, பெயர் வன்னியபெருமாள், சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். விஷயத்தைச் சொன்னதும் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்தார். மஞ்சள் தடவிய ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அசல் இதுல்லா மக்ளே? தை மாசம் ரோகிணி. இதக் காட்டினா போராதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேண்டாம் என்றால் கேட்கவா போகிறார்? மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு லிஜோவிடம் போனேன்.

லிஜோதான் இவரை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன், மலையாளிப் பையன். கழக்கூட்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்க பட்டமளிப்புத் தொப்பி போட்ட சிரித்த முகங்கள். கீழே லாரி போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு அதிரும். மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஜாதகத்தை மேஜைமேல் விரித்தார்.

"அங்கிள், அவங்க ஜாதகம் எடுக்க மாட்டாங்க கேட்டோ" என்றான் லிஜோ. பாவம், சிரிக்காமல்தான் சொன்னான்.

"நான் சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டுத் தாரேன் தம்பி. தப்பு எங்க தலையிலதான். பயலுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் அப்ப மூக்குச் சளி தொடைக்கத் தெரியாத பிள்ளை."

"அங்கிள், ஸ்கூல், பாஸ்போர்ட், டிகிரி, எல்லாத்துலயும் ஒரே டேட். இனி அத மாத்தப் போனா இவ்வளவு நாளும் பொய் பறஞ்சுன்னு ஆயிரும். உள்ளதும் போயிரும்."

மாமா ஜாதகத்தைச் சுருட்டினார். சுருட்டிய பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"வேற வழியே இல்லியா லிஜோ?" என்றேன்.

"வழி உண்டு சேச்சி" என்று ஆரம்பித்தான். ஆராய்ச்சிப் படிப்பு படித்தால் ஐம்பதுவரை விடுவார்களாம். இன்னும் நாலு வருஷம் படிக்க இவருக்குத் தெம்பு எங்கே இருக்கிறது? ஏதாவது கம்பெனி ஸ்பான்சர் செய்தால் ஆச்சு, நகரத்தை விட்டுத் தள்ளிச் சின்ன ஊர் எதிலாவது கிடைக்கலாம். அதற்கு அனுபவம் கேட்பான், அனுபவத்துக்கு விசா கேட்பான். "ஒரு வருஷம் முன்ன இந்தப் பிரஷ்னம் தெரிஞ்சிருந்தா அப்பவே ஸ்பான்சர் தேடியிருக்கலாம்" என்றான். ஆமாம், தெரிந்திருந்தால் எல்லாம் செய்திருக்கலாம். இன்னொரு சின்னப் படிப்பில் சேர்ந்து நாளைக் கடத்தலாமா என்று கேட்டேன். அதையெல்லாம் இப்போது உடனே தள்ளிவிடுகிறார்கள் என்றான்.

அப்புறம் நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"சேச்சிக்கு எத்தற வயசு?"

"முப்பத்திரண்டு. சர்ட்டிபிகேட்லயும் அதேதான். எங்க அப்பாவுக்கு அவசரம் இல்ல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். வாயில் வந்துவிட்டது.

"அப்ப சேச்சி போய்ப் படிக்கக் கூடாதா? சேச்சி ஸ்டூடண்ட், ஹஸ்பண்ட் டிபென்டென்ட். பிள்ளையும் கூட வரலாம். படிச்சு முடிச்சா அந்த விசா சேச்சிக்குக் கிட்டும். கேரண்டி ஒண்ணும் நான் தர மாட்டேன். ஆனா சான்ஸ் உண்டு."

மேம்பாலச் சத்தம், பஸ், தோசை, தெருக்காரர்கள் கேள்வி, எல்லாம் ஒரு நொடி தூரமாகப் போயிற்று. நான் எட்டு வருஷமாக ஒரே கம்பெனியில் மற்றவர்கள் எழுதுகிற சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயருக்கு ஒரு அட்மிஷன் கடிதம் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. "பாக்கலாம்" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு அப்போதே கிளம்பிவிட்டது. எந்தெந்தப் படிப்பு என்று லிஜோ காட்டினான், நான் பெயர்களை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் போனில் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து இவருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் அப்ளை செய்கிறேன், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறேன், பிப்ரவரியில் சேரலாம், நீங்கள் அதுவரை எப்படியாவது தாக்குப்பிடியுங்கள் என்றேன்.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது."

"பின்ன என்ன? நல்ல ஐடியால்லா?"

"எனக்கு வரணும் சுஜா."

"எங்க வரணும்?"

"வீட்டுக்கு."

அவரே தொடர்ந்தார். இரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"இங்க ஒரு கோடவுன்ல பெட்டி தூக்குறேன், தெரியும்லா. ரூம்ல நாலு பேரு, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். நம்ம அஞ்சு வீடியோவுல வந்தா அவகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல, ஹோம்வொர்க் முடிச்சியான்னு கேக்குறேன். அன்னைக்கு அந்தத் தேதியப் பாத்தேன்லா, முப்பத்தாறு ஆயாச்சுன்னு தெரிஞ்சப்ப, சத்தியமாட்டு சொல்றேன், எனக்கு முதல்ல ஆசுவாசமாத்தான் இருந்துது. இனி போராட வேண்டாம்லா. அதுக்கப்புறந்தான் உன்ன நெனச்சேன். பயந்து போனேன்."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ அத்தற ஆசையா இருக்கே. நீ படிக்கணும்னு சொன்னா நான் இங்க கிடக்கேன். டிபென்டென்டா இருந்து பெட்டி தூக்குறேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீ வான்னு சொன்னா வாரேன். நானாட்டு வர தைரியம் இல்ல சுஜா. நீ சொல்லணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன மனுஷர் இவர்! முடிவைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு அங்கே நிற்கிறார். இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவார். அவர் குணம் எனக்குத் தெரியும். குறை சொல்ல மாட்டார். இன்னும் மூன்று வருஷம், நாலு வருஷம், வாயை மூடிக்கொண்டு எனக்காகப் பெட்டி தூக்குவார். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. எனக்குப் போக அவ்வளவு ஆசையாக இருந்தது.

"வாங்க" என்றேன்.

"நெசமாட்டா?"

"டிக்கெட்டப் பாருங்க. சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் வருகிறார் என்று அழவில்லை. நான் போகவில்லை என்று அழுதேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மூன்று மணி மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமா எனக்காகவே காத்திருந்த மாதிரி வாசலுக்கு வந்தார்.

"என்ன மக்ளே, உனக்கு அந்த சீட்டு கிட்டுமா?"

"அவரு வாராரு மாமா. அடுத்த மாசம்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "என்னாலதான். ஒரு வருஷம் முன்ன சேத்தா புள்ளை ஒரு வருஷம் முன்ன கரையேறுவான்னு நெனச்சேன்."

"உங்களால இல்ல மாமா. அவருக்கே வரணுமாம். அங்க இருக்க முடியலையாம்."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"உனக்கு?" என்றார்.

இந்த இரண்டு வருஷத்தில் அதை என்னிடம் வேறு யாரும் கேட்கவில்லை. அரிசி களைய வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.