நன்றாக ஓடுகிற மெஷின் கடைக்கு வராது

வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் சட்டைப் பையில் ராஜினாமா கடிதம் இருந்தது. எல்லாம் ஒரு புத்தகம் பார்த்த வேலை. ஜெயித்த நூறு பேரைப் பேட்டி கண்டு எழுதியதாம். நூறு பேருமே பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒரே நாளில் உதறியவர்களாம். பதினான்கு வருடமாக சர்வீஸ் சென்டரில் டிரம்மைக் கழற்றி மாட்டிய மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக் கடைக்கு இடம்கூடப் பார்க்கவில்லை, கடிதம் மட்டும் தயார்.

மனைவிக்குக் கடித விஷயம் தெரியும். இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் நேராகத் தடுக்கவில்லை. தடுத்தால் வீம்புக்கே கடிதத்தைக் கொடுத்துவிடுவார்.

அன்று காலை அவர் ஷூ மாட்டும்போது மச்சினி போன் செய்தாள். புது வாஷிங் மெஷின் வாங்கணுமாம், எந்தக் கம்பெனி நல்லது?

"அந்த நீல லேபிள் பக்கமே போயிடாதம்மா. எங்க சர்வீஸ் கடைக்குப் பத்து வந்தா எட்டு அதுதான்!"

மனைவி குறுக்கே புகுந்தாள். "ஏங்க, நம்ம பில்டிங்ல பதினாறு வீட்ல அதுதானே இருக்கு? எத்தனை உங்க கடைக்கு வந்துச்சு?"

"ஒண்ணு."

"மத்தது?"

"நல்லா ஓடுதே, அது எதுக்குக் கடைக்கு வரப்போகுது?" என்றவர், ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஆள் மக்கு இல்லை. அவரிடம் பழுதானது மட்டும் வருகிறது. புத்தகம் எழுதினவரிடம் ஓடினது மட்டும் போயிருக்கிறது. வேலையை உதறிவிட்டுக் கவிழ்ந்தவனை யார் பேட்டி எடுத்தார்கள்?

"உங்க அக்காவையே கேட்டுக்கம்மா," என்று போனை மனைவியிடம் நீட்டினார்.

சர்வீஸ் சென்டரில் அவருக்குப் பக்கத்து மேஜை 'ரிட்டன்' அண்ணனுடையது. வேலையை விட்டுச் சொந்தக் கடை போட்டு, பதினோரு மாதத்தில் திரும்பி வந்தவர். பெயர் வைத்துச் சிரித்ததோடு சரி, யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. மெக்கானிக்கும்தான். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்தக் கடையை ஏண்ணே மூடுனீங்க?"

"கேலி பண்றியா?"

"இல்லண்ணே. நானும் கடை போடணும். தெரிஞ்சுக்கணும்."

ரிட்டன் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எட்டு வருஷத்துல இதைக் கேட்ட மொத ஆள் நீதான்டா," என்றவர், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "நெறைய இருக்கு. பேப்பர் வெச்சிருக்கியா?"

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, பின்பக்கம் திருப்பினார்.