எழுபதுக்கு ஒரு கையெழுத்து

முதலீட்டு வங்கியின் பங்கு வெளியீட்டுப் பிரிவில் அவருக்குச் ‘சர்க்கரை’ என்று பெயர். பேச்சு அப்படி. கம்பெனி நடத்துகிறவர்களிடம் போய், “உங்க பங்கை நூறு ரூபாய்க்கு வித்துத் தர்றோம்” என்று ஆசை காட்டி வேலையைப் பிடித்து வருவார். விலை வைக்கும் நாளன்று அதே வாயால், “மார்க்கெட் சரியில்லைங்க, எழுபதுதான் தேறும்” என்பார். அதற்குள் விளம்பரம் கொடுத்து, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டிருக்கும். எப்படிப் பின்வாங்குவது? பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். இந்தத் தொழிலில் இதற்குத் திறமை என்று பெயர். என்னத்தைச் சொல்ல!

வருடக்கணக்காக இதையே செய்து சர்க்கரைக்கு அலுத்துப்போயிருந்தது. காலையில் டை கட்டும்போதே கை சோர்ந்தது. “இன்னிக்கு யார் தலையில மிளகாய் அரைக்கப் போறீங்க?” என்று மனைவி கேலி செய்தாள். வழக்கமாகச் சிரிக்கிறவர், இன்று குனிந்து ஷூவை மாட்டினார்.

இன்றைக்கு அகப்பட்ட தலை ஒரு சிரிஞ்சு தொழிற்சாலையின் முதலாளியம்மாவுடையது. அவரும் தம்பியும் சேர்ந்து வளர்த்த கம்பெனி. கடனை அடைக்கப் புதுப் பங்குகளை விற்கிறார்கள். விலை குறையக் குறைய, அதே பணத்துக்கு அதிகப் பங்குகளை விற்றாக வேண்டும். எண்பது கிடைத்தால் அக்கா தம்பி கையில் பாதிக்கு மேல் பங்கு நிற்கும். எழுபது என்றால் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் அவர்கள் கம்பெனியிலிருந்தே அவர்களை எழுந்து போகச் சொல்ல அடுத்தவனால் முடியும்.

சாயங்காலம் பங்கு கேட்டு வந்த ஆர்டர்களைப் பார்த்துவிட்டு சர்க்கரை பெரியவர் அறைக்குப் போனார். பிரிவுக்குத் தலைவர் அவர்தான்.

“எண்பதுக்கே ஆள் இருக்கு சார். அளவாத்தான் இருக்கு, ஆனா இருக்கு.”

“இருக்கட்டும்ப்பா. பெரிய ஃபண்டுக்காரர் எழுபதுன்னாதான் வருவேங்கிறார். அவர் மாசாமாசம் நம்மகிட்ட வாங்குறவர். அந்தம்மா ஆயுசுக்கும் ஒரு தடவைதான் வரும்.”

“பாவம் சார்.”

“விக்காம மிஞ்சினதை நாமளே வாங்கிக்கிறோம்னு எழுதிக் கொடுக்கப் போறோம், ஞாபகம் இருக்கா? எண்பது வெச்சு நாலு பேர் கழண்டுக்கிட்டா, அத்தனையும் நம்ம தலையில விழும். போய் உன் பாட்டைப் பாடு.”

அக்காவும் தம்பியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியம்மா கையில் ஆறிப்போன காபி. முதலீட்டாளர்களைப் பார்க்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோது, தன் பையிலிருந்த பிஸ்கட்டை உடைத்து சர்க்கரைக்கும் கொடுத்த மனுஷி. அவர் முகத்தைப் பார்த்ததும் சர்க்கரைக்குப் பாடவேண்டிய பாட்டு வரவில்லை.

“மேடம், உள்ள எழுபதுன்னு சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. எண்பதுக்கு ஆள் இருக்கு. முடியாதுன்னு எழுந்திருங்க, தானா இறங்கி வருவாங்க. வெளியீடு நின்னுபோனா எங்களுக்கும் கமிஷன் கிடையாது.”

பழக்கமில்லாத வேலை அல்லவா, வார்த்தைக்கு வார்த்தை நாக்குக் குழறியது.

“ஏன் சார் தடுமாறுறீங்க? நூறுன்னு கணீர்னு சொன்னீங்களே” என்றார் முதலாளியம்மா.

“அது வேலையைப் பிடிக்கச் சொன்னது மேடம். இது நிஜம்.”

“அன்னிக்கும் நிஜம்னுதான் சொன்னீங்க. போன வாரம் தொண்ணூறு. அதுவும் நிஜம்தான். இப்ப நான் எழுந்து போவேன், அப்புறம் அறுபதுன்னு கூப்பிடுவீங்க. அதானே?”

“சத்தியமா இல்ல மேடம்.”

“போதும் சார். உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு நான் ஓஞ்சுட்டேன்.”

“அக்கா, ஒருவேளை…” என்று தம்பி இழுத்தான்.

“சும்மா இருடா. இவர் பேச்சைக் கேட்டுத்தான் இந்த லட்சணத்துல நிக்கிறோம். இதையும் விட்டா கடன்காரங்க கதவைப் பூட்டிருவாங்க.”

உள்ளே பெரியவர் எழுபது என்று சொல்லி முடிக்கவில்லை, முதலாளியம்மா பேனா கேட்டார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சர்க்கரைக்கு ஐயோ, போடாதீங்க என்று கத்திவிடலாம் போலிருந்தது. கத்தினால் மட்டும் நம்பப்போகிறார்களா?

அவர்கள் லிஃப்டில் இறங்கிப் போனதும் பெரியவர் சர்க்கரையின் தோளில் ஓங்கித் தட்டினார்.

“அசத்திட்டேப்பா! விடிய விடிய இழுத்தடிப்பாங்கன்னு பயந்துக்கிட்டிருந்தேன். அந்தம்மாகிட்ட வெளியில அப்படி என்னதான் சொன்னே?”