நான் சொன்ன காய்ச்சல்

கொரோனா இரண்டாவது அலை வந்த வருசம் எனக்கு இருபத்தாறு வயசு. சென்னையில் ஹாஸ்டலை மூடிவிட்டதால் லேப்டாப்போடு போடிக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா மருதாயிக்கு ஐம்பத்தெட்டு வயசு, சுகர் வேறு. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

பாண்டியராஜ் அண்ணன் ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுவார்கள். அம்மாவின் மாஸ்க் எப்போதும் தாடையில்தான் கிடக்கும். கேட்டால், "ஏத்தத்துல மூச்சு முட்டுதுடி. வந்தா வரட்டும், பாத்துக்கிருவோம்" என்பாள். சாயங்காலம் வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் அடுத்த நிமிசம் குறட்டை.

எனக்குத்தான் தூக்கம் போயிருந்தது. ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி மாட்டிப் பார்ப்பேன். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கழுவினேனா என்ற சந்தேகத்தில் மறுபடி கழுவுவேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி ஒரே வாரத்தில் செத்துப்போனாள். அவளுக்கும் என் வயசுதான். "போகாதம்மா" என்று அழுதுகூடப் பார்த்தேன்.

"சோலிக்குப் போகாம உக்காந்திருந்தாத்தான் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கடைக்குப் போன நேரத்தில் பாண்டியராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். வாசனையும் தெரியலையாம். நாளைக்கு ஏத்தாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

எல்லாம் பொய். அம்மாவை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வேலையை மேய்க்கிற கங்காணியிடம் சொல்ல, எஸ்டேட்டில் அந்த ஜீப்பில் வருகிற பெண்கள் அத்தனை பேரையும் பதினாலு நாள் வரக்கூடாது என்றுவிட்டார்கள்.

தகவல் போய், மறுநாள் சுகாதாரத்துறை ஆட்கள் வந்து அம்மா மூக்கில் குச்சியை விட்டுச் சளி எடுத்தார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்டு, கதவில் தாள் ஒட்டினார்கள். தெருவே நின்று பார்த்தது.

"எனக்கு எங்கடி காய்ச்சல்?" என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இல்லையேம்மா" என்றேன்.

டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எஸ்டேட் மட்டும் இறங்கி வரவில்லை. பாண்டியராஜ் அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா யோசித்து யோசித்து, குருவம்மாள் அத்தையில் வந்து நின்றாள். நாலு வீடு தள்ளி இருக்கிறவள். இருபது வருசமாக ஜீப்பில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள். முந்தின வாரம் அம்மா தும்மியபோது, "தள்ளி உக்காரு மதினி" என்றாளாம். அது போதுமானதாக இருந்தது.

அம்மா வாசலில் நின்று கத்தினாள். "என் பிள்ளைக மேல சத்தியமா நான் சொல்லலை மதினி. நானுந்தான வேலையத்து உக்காந்திருக்கேன்" என்று அத்தை அழுதது உள்ளே எனக்குக் கேட்டது. நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் நாள் தெருக்குழாயில் பெண்கள் அத்தையின் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார்கள். காட்டிக்கொடுத்தவளாம். அத்தை வெறுங்குடத்தோடு திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. "இம்புட்டுப் பயத்தை வச்சுக்கிட்டா எம்பக்கத்துல படுத்திருந்த?" என்றாள்.

"உனக்கு ஏதாவது ஆயிருமோன்னுதாம்மா..."

ஈரக்கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து, குழாயடி வழியாகவே அத்தை வீட்டுக்கு இழுத்துப் போனாள். "இவளே சொல்லட்டும், எல்லாரும் கேளுங்க." சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை; அம்மா இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

குருவம்மாள் அத்தை திட்டவில்லை. "ஏன்டி தாயி, எட்டு நாளும் பாத்துக்கிட்டா இருந்த?" என்று மட்டும் கேட்டாள்.

பதினாலு நாள் முடிந்ததும் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பயம் மெல்லக் குறைந்தது. அம்மாவும் அத்தையும் மறுபடி பேசிக்கொள்ள நாலைந்து மாதம் ஆனது.

அம்மாவுக்காகப் பயந்தேன் என்று அன்று சொன்னது பாதிதான். அவள் கொண்டுவந்து எனக்கு ஒட்டிவிடுவாள், நான் செத்துப்போவேன் என்கிற மீதிப் பாதியை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "நல்லாத் தூங்குறியா தாயி?" என்று அத்தை கேட்டாள். தூங்குகிறேன் என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.