பகீத்தின் அளவு

மின்யா ஊர்க் கல்குவாரியில் ரம்ப மிஷின் ஓட்டும் கலஃபுக்கு, பகீத்தின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். இருவருக்கும் ஒரே குவாரி, ஒரே சர்க்கரை வியாதி. ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸனிய்யா வாராவாரம் பகீத்தைத்தான் முன்னால் நிறுத்துவாள். "இவரைப் பாருங்க. தானே விரலைக் குத்திச் சர்க்கரை பாக்குறாரு, தானே இன்சுலின் ஊசி போட்டுக்கிறாரு. யார் கையையும் எதிர்பாக்கல." வீட்டில் மனைவி நஜாத்தும் அதே பாட்டு. கலஃபுக்கு இன்னமும் அவள்தான் ஊசி போட்டுவிடுகிறாள்.

ரமலான் பதினோராம் நாள், விடியுமுன் சஹர் சாப்பாட்டின்போது ஊசியை அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

"நோன்புக்குப் பத்து யூனிட் போதும்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"பகீத் இருபது போடுறான். நான் என்ன அவனுக்கு இளைச்சவனா?"

இருபதையும் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

மதியம் பகீத் விரலைக் குத்திப் பார்த்தான். அறுபத்தாறு, எழுபதுக்குக் கீழே. எல்லோரும் பார்க்க, பையிலிருந்த மாம்பழச் சாற்றை எடுத்து உறிஞ்சினான்.

"பாருங்கடா, நர்ஸம்மாவோட செல்லப்பிள்ளை நோன்பை முறிச்சுட்டான்!" என்று கலஃப் கத்தினான்.

"சீக்காளிக்கு அல்லாஹ்வே லீவு குடுத்திருக்கான். உனக்கு எங்கடா வலிக்குது?"

ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பகீத் பக்கம்தான். போகட்டும், நோன்பிலாவது அவனை ஜெயித்தாயிற்று என்று கலஃப் மிஷினைக் கிளப்பினான்.

ஒரு மணி நேரத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. சுற்றும் ரம்பம் இரண்டாகத் தெரிந்தது. பகீத் ஓடிவந்து மிஷினை நிறுத்தி, அவனைக் கல்மேல் உட்கார வைத்தான்.

"காலையில எத்தனை போட்ட?"

"உன் அளவுதான்."

"கழுதை! அது என் உடம்புக்கு மூணு மாசம் குத்திக் குத்திக் கண்டுபிடிச்ச அளவுடா. விரலை நீட்டு."

"உன் கையால வேணாம். குடு இப்படி."

கலஃப் தானே குத்திக்கொண்டான்; நான்காவது குத்தில்தான் ரத்தம் வந்தது. நாற்பத்தொன்பது. பகீத் இன்னொரு சாறு டப்பாவைத் திறந்து வாயருகே கொண்டுவந்தான். பகல் முழுதும் பிடித்த நோன்பு போவது வலித்தது. ஆனால் பகீத் ஊட்டிவிட்டான் என்று நாளைக்கு மின்யாவே பேசும். டப்பாவைப் பிடுங்கித் தானே குடித்தான்.

கால் மணி கழித்து, யாரும் சொல்லாமலே மறுபடி குத்தினான். எழுபத்தெட்டு.

"குடிச்சப்புறம் உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"எழுபத்தி நாலு."

கலஃபின் முகம் தெளிந்தது. "என்னைவிட நாலு கம்மி," என்றான்.