காருக்குக் கூலிங் கிளாஸ்

"கண்ணு தெரியலேன்னா எதுக்கு வண்டி ஓட்டணும்?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் நடுத்தெருவில் கத்தியதைக்கூட நர்ஸ் பொறுத்துக்கொண்டாள். இருட்டில் திருப்பத்தில் அவளுடைய கார் உரசி, அவர் பையிலிருந்த வெங்காயமெல்லாம் ரோட்டில் உருண்டிருந்தது. கத்தாமல் என்ன செய்வார்? ஆனால் வீட்டுக்கு வந்தவளிடம், அதே கேள்வியைப் புருஷனும் கேட்டதுதான் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. லைட்டுதான் தெரியல."

"லைட்டு எரியுதே?"

"எரியுது. வெளிச்சம் வரல. உங்க தம்பி கைங்கரியம்."

தம்பிக்கு வீட்டில் ஹீரோ என்று பெயர். போன வாரம் அவள் டியூட்டி முடிந்து தூங்கும்போது, பழசாகி மஞ்சளித்துப் போயிருந்த ஹெட்லைட் மூடிகளின்மேல் கறுப்பு ஸ்பிரே அடித்து வைத்திருந்தான். "காருக்குக் கூலிங் கிளாஸ் போட்டிருக்கேன் அண்ணி. எப்படி?" என்று பல்லைக் காட்டினான். அவள் அன்றைக்கே சண்டை போட்டாள். 'ஆசையா செஞ்சிருக்கான், விடேன்' என்று புருஷன் வாயை அடைத்துவிட்டார்.

"ஆடத் தெரியாதவ மாதிரி தம்பி மேல பழி போடாதே" என்றார் இப்போது. "இனிமே ஹீரோ ஓட்டுவான். நீ பின்னால உக்காந்து போ."

சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமியார் ஒத்து ஊதினாள். "அதுதாம்மா நல்லது. நீயும் ராணியாட்டம் போகலாம்."

ராணியாம்! ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் வீடு வீடாகப் போகிறவள் அவள். ஹீரோ பத்து மணிக்கு எழுந்து, பதினொரு மணிக்குத் தலைவாரி முடிக்கும்வரை சர்க்கரை நோயாளிகள் காத்திருப்பார்களா? சாவி போனால் வேலையும் போன மாதிரிதான்.

மறுநாள் காலையில் பெயின்ட் கடைக்கு நடந்தே போனாள். கடைக்காரர் சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை உப்புத்தாள்களை அடுக்கிக் கொடுத்து, ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். "நடுவுல பாலாட்டம் வெளுத்துப் போவும். பயந்து நிறுத்திடாதீங்க. கடைசியா மேல இந்த கிளியர் வார்னிஷ் அடிக்க மறந்துடாதீங்க, இல்லேன்னா மறுபடி மஞ்சளாயிடும்."

முற்றத்தில் நின்ற காரின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். விளக்கைச் சுற்றி பெயின்ட் கீறாமலிருக்க டேப் ஒட்டினாள். தாளைத் தண்ணீரில் முக்கி முக்கி, குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை தேய்த்தாள். முதலில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. பிறகு மஞ்சள். அதன்பின் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. தேய்க்கத் தேய்க்கக் கோபம் குறையவில்லை, கூடியது.

ஹீரோ பல் விளக்கிக்கொண்டே வந்தான். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஐயோ அண்ணி! கண்ணுல பூ விழுந்த மாதிரி ஆயிடுச்சே! அண்ணே, இங்க வந்து பாரு!"

புருஷன் ஓடிவந்தார். மூடி முழுக்க வெள்ளையாய்ப் பனி மூடிக் கிடந்தது. "இருந்ததையும் கெடுத்துட்டியா? நிறுத்துடி!"

"நிறுத்தினாத்தான் கெடும். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

ஒவ்வொரு தாளாக நைஸுக்கு மாறினாள். பாலிஷ் போட்டுத் துணியால் சுழற்றித் தேய்த்தபோது பனி விலகியது. உள்ளே பல்பு பளிச்சென்று தெரிந்தது. துடைத்துவிட்டு கிளியர் அடித்தாள். மாமியார் காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலை நீட்டினாள்.

"அத்தை! தொட்டீங்கன்னா உங்க ரேகை அதுல ஆயுசுக்கும் நிக்கும்!"

விரல் பின்வாங்கியது. அந்த ஒரு விளக்கோடு அவள் எழுந்துவிட்டாள். மற்றதைத் தொடவேயில்லை.

"இன்னொண்ணு?" என்றான் ஹீரோ.

"அது உன் கலைப் படைப்பு. சாயங்காலம் பார்க்கலாம்."

இருட்டியதும் விளக்கில்லாத பக்கத்துச் சந்துக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னாள். புருஷன்தான் ஓட்டி வந்தார். மாமியாரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தாள். ஹீரோவை அவனுக்குப் பிடித்த கறுப்புச் சட்டையோடு, கையில் சைக்கிளோடு சந்துக்குள் அனுப்பினாள். புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, தேய்த்த விளக்கின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்தி மறைத்தாள்.

"போடுங்க லைட்டை. உங்க தம்பி எங்க நிக்கறான்?"

புருஷன் கண்ணைச் சுருக்கினார். தரையில் அழுக்குத் தண்ணீர் கொட்டின மாதிரி கொஞ்சம் வெளிச்சம். அவ்வளவுதான். "எங்கே? வீட்டுக்குள்ள ஓடிட்டானா?"

"இங்கதாண்ணே இருக்கேன்!" குரல் பக்கத்திலேயே கேட்டது.

"வண்டியை எடுங்க" என்றாள்.

"என்ன வெளையாடறியா?"

"எடுங்கங்க. உங்க கண்ணுதான் நல்ல கண்ணாச்சே!"

"அண்ணே, எடுத்துடாதே! உனக்குக் கோடிப் புண்ணியம்!"

புருஷனின் கால் அசையவில்லை. நர்ஸ் பெட்டியை நகர்த்திக் கறுப்பு விளக்கின் முன்னால் வைத்தாள். சந்து விடிந்த மாதிரி ஆனது. பம்பரிலிருந்து ஒரு சைக்கிள் நீளத்தில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஹீரோ நின்றிருந்தான். சைக்கிள் காலடியில் விழுந்து கிடந்தது.

"அடப் பாவி, மூக்குக்கு நேரா நிக்கறானே!" மாமியார் நெஞ்சில் கை வைத்தாள்.

புருஷன் மெல்ல இறங்கினார். சாவியை நீட்டினார். "சரி சரி, நீயே வச்சுக்க."

"வச்சுக்கவா? தானம் பண்றீங்களா? என் சம்பளத்துல வாங்கின வண்டிங்க அது!" சாவியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "உப்புத்தாள் வாளியில ஊறுது. விடிஞ்சதும் உக்காரு. நடுவுல வெளுக்கும், கத்தாதே."

"சரிங்க அண்ணி."

"முடிச்சுட்டு என்னோட வா. சைக்கிள்காரர் வீட்டுக்குப் போகணும். வெங்காயம் வாங்கிக் குடுத்துட்டு, தப்பு யாரோடதுன்னு உன் வாயாலயே சொல்லு."

"அதெல்லாம் எதுக்கு இப்போ, ஊரைக் கூட்டிக்கிட்டு..." என்று இழுத்தார் புருஷன்.

"நீங்களும் வரீங்க" என்றாள் அவள். "பின்னால உக்காந்து."