நாலாவது பகுதிக்குள் எனக்கு அனுமதி இல்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒளிப்பானேன். நான் ஊரனூப்போலி என்ற கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்டுப் பல வருடமாகிறது. பின்னால் ஆலிவ் தோப்புகள், எதிரே தீவு. படகேறினால் மடங்கள் நிறைந்த புனித மலை. அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. எலி பிடிப்பதால் பெண் பூனைக்கும் உண்டு. எனக்கும் பக்கத்து வீட்டு ஸ்தமாத்தியாவுக்கும்தான் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஸ்தமாத்தியா கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, விடியலில் படகுத்துறைக்கு..."

(அடித்துவிட்டேன். துறையில் சீட்டுக் கொடுப்பவன் அவளுடைய தம்பி.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஆலிவ் பறிப்பு தொடங்கும் வாரத்தில், அவள் கணவன் ஆர்கிரிஸ் மூன்று நாளில் வருவதாகச் சொல்லி மலைக்குப் போனார். போனவர் போனவர்தான். கைப்பேசியையும் அணைத்துவிட்டார். மாதம் ஒன்றானபின் படகோட்டி ஃபோதிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தான்: ஆர்கிரிஸ் தாடி வளர்க்கிறாராம்.

"வீட்ல ஒரு தக்காளிச் செடி வளர்க்கத் துப்பில்ல. அங்க போய் தாடி வளர்க்கிறாராக்கும்" என்றாள்.*

* சொல்லிவிட்டு அழுதாள். சிரிப்பு கெடக்கூடாதென்று கீழே தள்ளிவைத்தேன்.

3

பெண்கள் ஏறிய படகு கரைக்கு அரை கிலோமீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். அப்படியொரு சுற்றுலாப் படகில் ஸ்தமாத்தியாவும் ஏறினாள். பயணிகளுக்கு மடங்களின் பெருமையை அளந்துகொண்டிருந்த ஃபோதிஸிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஆர்கிரிஸ், காயெல்லாம் உதிருது. வர்றியா, இல்ல சாமியாராப் போறியா? எதுன்னாலும் சொல்லிடுய்யா. சாப்பாட்டுக்கு ஒரு தட்டு வைக்கிறதா, ரெண்டு வைக்கிறதான்னு தெரியல எனக்கு."

கரையில் கறுப்பு அங்கிகளுக்கு நடுவே ஒருவர் கையைத் தூக்கினார். வருகிறேன் என்கிறாரா, ஆசீர்வாதம் செய்கிறாரா? அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

4

(இந்தப் பகுதி மடத்துக்குள் நடக்கிறது. எழுதுகிறவள் பெண். ஒரே ஒரு வாக்கியத்தை உள்ளே அனுப்பிப் பார்த்தேன்: "ஆர்கிரிஸ் துணிப்பையை எடுத்து..." வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.)

5

படிக்கிற நீங்கள் ஆணென்றால் காலைப் படகைப் பிடியுங்கள். அவர் பை கட்டுகிறாரா, மணியடிக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பெண்ணென்றால் எங்களோடு வந்து காய் பொறுக்குங்கள், மரத்தடி வலையெல்லாம் நிறைந்து கிடக்கிறது.

முடிவை என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்லுங்கள். அடுப்பில் அவரைக்கொட்டை சூப் கொதிக்கிறது. ஒரு தட்டை மேசையில் வைத்துவிட்டாள். இன்னொன்று அவள் கையிலேயே இருக்கிறது.