தெத்துப்பல்

பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ளப் போவதாக மனைவி சொன்னபோது அவர் ஒரு செல்போனின் வயிற்றைத் திறந்துவைத்து, உப்பிப்போன பாட்டரியை மெல்ல நெம்பிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது அவருடைய ரிப்பேர் கடை. அதே தெருக்கோடியில் இருந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வேலை. மதியம் இருவரும் கடையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

"யாருக்குக் கிளிப்பு?" என்றார் நிமிராமல்.

"எனக்குத்தான்."

"பாப்பாவுக்குத்தான் சின்ன வயசுலயே போட்டு எடுத்தாச்சே?"

"காது அடைச்சிருக்கா உங்களுக்கு? எனக்குன்னு சொல்றேன்."

அவர் நிமிர்ந்தார். அவளுக்கு நாற்பத்தெட்டு முடிந்திருந்தது. மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். பதினைந்து வருஷமாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் இவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதிக்கிற வேகத்தில் பலருக்குக் குலை நடுங்கியிருக்கிறது. அதனாலேயே 'பிரேக் அக்கா' என்று பெயர். அப்பேர்ப்பட்டவள் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கிளிப் போடப்போகிறாளாம்.

"இந்த வயசுலயா?"

"ஏன், அறுபதுல போட்டா இன்னும் எடுப்பா இருக்குமா?"

அவர் போனை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவளுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். கூட்டமான பஸ்ஸில் உள்ளே இடம் கிடைக்காமல் படியில் தொற்றிக்கொண்டு வருகிறவன் மாதிரி, மற்ற பற்களுக்கு மேலேறி, வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவள் சிரித்தால் முதலில் அதுதான் எட்டிப்பார்க்கும். சிரிப்பு பின்னால் வரும். இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதற்கு அவர் வீட்டாரிடம் ஆயிரம் காரணம் சொன்னார். குடும்பம் நல்ல குடும்பம், பொண்ணு படிச்சிருக்கு, இத்யாதி. உள்ளபடி சொன்னால் அந்தப் பல்தான் காரணம். ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. புதுச் சட்டை எடுத்துக்கொடுத்தால்கூட "ம், இருக்கட்டும்" என்பார். அதற்கு 'ரொம்பப் பிடித்திருக்கிறது' என்று அர்த்தம்.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வீண்வேலை?" என்று மட்டும் சொன்னார்.

"பாக்குறவங்களுக்கு நல்லா இருக்கலாம். வச்சிருக்கிறவ நானு," என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவை மூடினாள்.

பல் டாக்டர், அவர்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைக் காட்டினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அந்த வெளிப்பல்லைப் பிடுங்கிடுவீங்களா?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"இல்ல சார். அது நல்ல வேர் உள்ள பல்லு. அதுக்குப் பின்னாடி இருக்கிறதுல ஒண்ணை எடுத்துட்டா இடம் கிடைச்சிடும். கொஞ்சம் கொஞ்சமா கீழே இறக்கி வரிசையில சேத்துடலாம். ஒண்ணரை, ரெண்டு வருஷம் ஆகும். பெரியவங்களுக்கு எலும்பு மெதுவாத்தான் அசையும்."

"பார்த்தீங்களா, உங்க ஆளு எங்கயும் போகல," என்றாள் மனைவி. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்துதான் சொல்கிறாளா, சும்மா சொல்கிறாளா? அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

கிளிப் மாட்டிக்கொண்டு வந்த அன்று அவள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், பிறகு சோபாவில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"வாய்க்குள்ள இரும்புக்கடையே இருக்கு," என்றாள். 'ஷ'வும் 'ச'வும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வெளியே வந்தன.

மகள் வீடியோவில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, காலுக்கு ஒரு பிரேக், இப்ப வாய்க்கும் ஒரு பிரேக்கா! அப்பா, இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"உங்கப்பா எப்பவும் நிம்மதிதான். பேசினாத்தானே பிரச்சினை," என்றாள் இவள்.

முதல் வாரம் பாடாய்ப்பட்டாள். பல்லெல்லாம் கிண்ணென்று வலித்தது. சோற்றுப்பருக்கைகூடக் கல்லாய்த் தெரிந்தது. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்பார்கள். இங்கே கடிக்கவும் வழியில்லை. அவருக்கு உள்ளுக்குள் வருத்தம் ஆறவில்லைதான். இருந்தாலும் காலையில் எழுந்து, அரிசியைக் குழைய வேகவைத்து, பருப்பும் காரட்டும் சேர்த்து மிக்ஸியில் ஓட்டி, கஞ்சியாக ஆற்றிவைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். உப்புக் கூடும், குறையும். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவாள். டிரைவிங் ஸ்கூலில் முதல் இரண்டு நாள் கேலி பேசினார்கள். மூன்றாம் நாள் ஒரு வங்கிக் கேஷியர், கார் பழக வருகிறவர், தனக்கும் போடலாமா என்று ரகசியமாக டாக்டரின் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. தெத்துப்பல் மெல்ல இறங்கத் தொடங்கியது. அவர் தினமும் ஓரக்கண்ணால் பார்ப்பார். வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல இருக்கும். நின்று வழியனுப்பவும் முடியாது, போகாதீர்கள் என்று சொல்லவும் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"என்னங்க, கம்பி குத்துது. கடைசிப் பல்லுக்கிட்ட நுனி வெளிய வந்திருச்சு போல. டாக்டர் குடுத்த மெழுகை வச்சுப் பார்த்தேன், நிக்கல. ரத்தமா வருது."

கிளினிக் மூடியிருந்தது. போன் போட்டதும் டாக்டர் எடுத்தார். உறவினர் வீட்டு விசேஷத்துக்காக வெளியூர் போயிருக்கிறாராம். "பல்லு நகர்ந்தா கம்பி இப்படி நீட்டிக்கும். பயப்படாதீங்க. நாளைக்குக் காலையில வாங்க. ரொம்பக் குத்தினா, வீட்டுல சின்ன கட்டர் இருந்தா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து நுனியை மட்டும் வெட்டிவிடலாம். வெட்டின துண்டை முழுங்கிடாமப் பார்த்துக்கணும்."

அவள் போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"என்னாலயா? ஐயையோ," என்றார்.

"போனுக்குள்ள மயிரிழை மாதிரி இருக்கிற கம்பியெல்லாம் வெட்டுறீங்க!"

"அதுக்கெல்லாம் உயிரா இருக்கு?"

"அப்ப நாளைக்கு வரைக்கும் வாயைத் திறந்தபடியே உக்காந்திருக்கட்டா?"

அவர் கடைக்கு ஓடி, நுனி மெல்லிய கட்டரையும் இடுக்கியையும், தலையில் மாட்டிக்கொள்கிற விளக்கையும் எடுத்துவந்தார். கட்டரையும் இடுக்கியையும் கொதிநீரில் போட்டார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார், மறுபடியும் கழுவினார். அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் தலையணை கொடுத்து, பஞ்சைச் சுருட்டி நாக்கோரமாக வைத்தார்.

"ஆ காட்டு."

அவள் வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு விரலால் அவள் கன்னத்தையும் மேலுதட்டையும் விலக்கி, விளக்கை உள்ளே பாய்ச்சினார்.

இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தும் அவர் அவள் வாய்க்குள் பார்த்ததில்லை. யார்தான் பார்ப்பார்கள்? கம்பி நுனி கன்னத்தில் புள்ளியாகக் கீறியிருந்தது. அவர் கண் அங்கே நிற்கவில்லை. மேலுதட்டின் உள்பக்கம், தெத்துப்பல் முன்பு நின்ற இடத்துக்கு நேராக, வெள்ளையாகத் தடித்துக் காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. செருப்புக் கடித்துக் கடித்துக் காலில் விழுகிற காய்ப்பு மாதிரி. நேற்று முந்தாநாள் வந்ததல்ல அது. சிறுவயதிலிருந்து, ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அந்தப் பல் உரசி உரசி ஏற்படுத்தியது.

நெற்றி விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் ஆடியது. ஒரு நிமிஷம் கையை வெளியே எடுத்து, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு இடுக்கியால் கம்பி நுனியைப் பற்றி, கட்டரை வைத்து அழுத்தினார். 'டிக்' என்றது. கடுகளவு துண்டு இடுக்கியோடு வந்தது.

அவள் நாக்கால் தடவிப் பார்த்தாள். "அப்பாடா," என்றாள்.

அவர் எதிரில் மோடாவில் உட்கார்ந்தார். விளக்கை அணைக்க மறந்திருந்தார். அவள்தான் கையை நீட்டி அணைத்தாள்.

"உதட்டுக்குள்ள காய்ச்சுப் போயிருக்கு. வலிக்குதுன்னு ஒரு நாளாவது சொன்னியா நீ?"

"சொல்லி என்ன? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். பாப்பாவுக்குக் கிளிப்பு போடக் கூட்டிட்டுப் போனப்பதான் தெரிஞ்சுது, அப்படி இருக்க வேண்டியதில்லன்னு."

அவர் கட்டரைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"எனக்கு அந்தப் பல்லைப் பார்த்துத்தான் உன்னையே புடிச்சுது," என்றார் கட்டரிடம் சொல்வதுபோல. "அதான் போடவேண்டாம்னு... உனக்கு அது குத்திக்கிட்டே இருந்திருக்கு. நான் பாட்டுக்கு ரசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கிளிப்பு போட்டிருக்க மாட்டியா?"

அவள் யோசித்தாள். "போட்டுத்தான் இருப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி வலிச்ச நாள்லயெல்லாம் கொஞ்சம் சந்தோஷமா இருந்திருப்பேன்."

அன்று மாலை முழுக்க அவர் வழக்கத்தைவிட அதிகம் பேசினார். புதுப் பழக்கம் என்பதால் எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. தெத்துப்பல்லில் ஆரம்பித்து, அவள் கியர் மாற்றும்போது கையை வைக்கிற விதம், போனில் மகளோடு பேசும்போது குரல் மாறுவது என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே, "போதும், ஒரே நாள்ல மொத்தத்தையும் கொட்டிடாதீங்க," என்றாள்.

கிளிப்பைக் கழற்றிய அன்று காலை அவரும் கடையை அடைத்துவிட்டுக் கூடப் போனார். டாக்டர் கண்ணாடியை நீட்டினார். அவள் அதை வாங்கி, தன்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் பார்த்தாள். பற்கள் ஒழுங்காக நின்றன. எது அந்தப் பல் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். அவள் சிரித்தாள். அவருக்கு நன்கு தெரிந்த முகம்தான். என்றாலும், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தடுமாறினார்.

வெளியே வந்ததும் அவள் தள்ளுவண்டியில் ஒரு ஆப்பிள் வாங்கினாள். இவ்வளவு நாளும் துண்டு துண்டாக நறுக்கித்தான் தின்ன வேண்டியிருந்தது. துப்பட்டாவில் துடைத்து, நடுத்தெருவில் நின்று, முன்பல்லால் ஒரு கடி கடித்தாள். சாறு மோவாயில் வழிந்தது.

"எப்படி இருக்கேன்? உண்மையைச் சொல்லணும்."

"புதுசா இருக்கு," என்றார். "பழகணும். கொஞ்ச நாள் ஆகும்."

"மெதுவாப் பழகுங்க. எனக்கும் நாக்கு வச்ச இடத்துல நிக்க மாட்டேங்குது. பல்லெல்லாம் ஒரே வழவழப்பு."

பழத்தை அவரிடம் நீட்டினாள். அவள் கடித்த இடத்தில் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அதை ஒட்டியே தன் வாயை வைத்து ஒரு கடி கடித்தார். நல்ல இனிப்பு. பஸ் வருகிறதா என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவசரமில்லை, அடுத்ததில் போகலாம் என்றார் அவர்.